நான்கு வயதில் முடிந்த கிளை

அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மகன் தணிகாசலம். மருமகள் கோமளம். மூத்த பேத்தி சங்கமித்ரா. வரன் கூடிவந்திருந்த இளையவள் மதுரா. நான்.

சங்கமித்ராவின் மடிக்கணினியில் இரண்டு வம்ச மரங்கள். ஒன்று எங்களுடையது. மற்றது மாப்பிள்ளை வீட்டார் எழுதி அனுப்பியது.

மரமாக அடுக்கிய விவரங்களிடம் எதைக் கேட்க முடியும், எதைக் கேட்கவே முடியாது என்பது அவளுடைய ஆராய்ச்சி. பங்காளி முறை வருகிறதா என்று பார்க்கச் சொன்னது நான்தான்.

கேட்டாள்.

திரையில் ஒரே வரி. பொது மூதாதையர் இல்லை.

மதுரா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கோமளம் கேசரி கிளற எழுந்து போனாள்.

சங்கமித்ரா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தாத்தா, இதுக்கு மேல ஏறத் தெரியும், கீழ இறங்கத் தெரியும், பக்கத்துக் கிளைக்குப் போகத் தெரியும். ஆனா இங்க இருக்கறவரும் அங்க இருக்கறவரும் ஒரே ஆளான்னு கேக்க இந்தக் கணினி மொழியில வழியே இல்ல. நம்ம வீட்ல யாராச்சும் தத்துப் போயிருக்காங்களா?"

எங்கள் மரத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் என் தம்பி அரங்கன். நான்கு வயதில் இறந்தான் என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

மாப்பிள்ளை வீட்டு மரத்தில் அவனுடைய தாத்தா வேதமூர்த்தி. பெற்றோர் வைத்தியலிங்கம், பருவதம். ஊர் சீர்காழி.

அந்த இருவரையும் எனக்குத் தெரியும்.

புயலில் நெல் போன வருடம் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். தம்பி என் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்களோடு போனான். சட்டை அவன் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

சோறு போட முடியாமல் பிள்ளையைக் கொடுத்த வீடு என்று ஒருவர் சொல்லக் கூடாது. அப்பாவின் கட்டளை. எழுபது வருடம் காத்தேன்.

"இல்லை" என்றேன்.

பிறகு, "இந்த இடம் வேண்டாம்" என்றேன்.

"ஏம்ப்பா, பையன்கிட்ட என்ன குறை?" என்றான் தணிகாசலம்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மதுரா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

போன மாதம் வேதமூர்த்தி காலமானதாகச் செய்தி வந்தது. கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வீடு எங்கள் வீட்டுக்குத் தாழ்ந்தது என்று நான் தட்டிக்கழித்ததாக ஊரில் பேசுகிறார்கள்.

தவறு.

இரண்டும் ஒரே வீடு.