வளைவுக்கு வந்த போர்டு

அந்த ரோட்டு வளைவுல எதிர்ல வர்ற லாரி கிட்ட வந்தாதான் தெரியும். ஆடு தினமும் குட்டியோட அதைத் தாண்டித்தான் மேயப் போகணும். அதனால நிதி குடுக்கற தொண்டு நிறுவனத்துக் கொக்குகிட்ட போய், "சார், வர்ற வண்டி தெரியற மாதிரி அங்க ஒரு பெரிய கண்ணாடி வெச்சுக் குடுங்க"ன்னு கேட்டுச்சு.

"வெச்சிடலாம். முதல்ல எங்க பேரு போட்ட போர்டு."

போர்டு எருமை சைஸுக்கு வந்து வளைவையே மறைச்சிடுச்சு.

"சார், முன்னாடி கிட்ட வந்தாவது லாரி தெரிஞ்சுது."

"அவசரப்படாதம்மா."

அடுத்த வாரம் கொக்கு கேமராவோட வந்துச்சு. "குட்டியோட போர்டு பக்கத்துல நில்லும்மா. போட்டோ அனுப்பினாதான் கண்ணாடிக்குப் பணம் வரும்."

"குட்டி நேத்து லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சு, சார்."

கொக்கு கேமராவை இறக்கிடுச்சு. அப்புறம் மெதுவா கேட்டுச்சு, "பக்கத்துல வேற யாருக்காவது குட்டி இருக்கா?"