வேலிக்கு உள்ளே போன அண்ணன்

"டெலித், அங்கே பாரு. அது உங்க அண்ணன்தானே?" என்றார் என் வீட்டுக்காரர் ஹேடன்.

பார்த்தேன். சாம்பல் நிற சூட்டு, டை, கழுத்தில் ஆளுங்கட்சியின் அடையாள அட்டை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி மாநாட்டு மண்டபத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான் என் கூடப் பிறந்த இட்வால்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போலீஸ் போட்ட இரும்பு வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள். கடற்கரை ரோட்டில், ஈரக்காற்றில், வெறும் ஜட்டியோடு முப்பது கிழவர்கள். வேல்ஸிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். அவர்களுடைய பேண்ட் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் நாங்கள் கோஷம் போட்டோம்.

"எங்களை உரிச்சது யாரு?"

"சர்க்காரு! சர்க்காரு!"

எங்கள் ஊர் இரும்பாலை மூடினபோது பென்ஷன் நிதியும் அதோடு முழுகிப் போனது. முப்பது வருஷம் சம்பளத்தில் பிடித்த பணம்! வருஷக்கணக்காகக் கத்தின பிறகு அரசாங்கம் இறங்கி வந்து உதவித்தொகை என்று ஒன்றை அறிவித்தது. அதிலும் ஒரு கொக்கி. ஆலை மூடின அன்றைக்கு ஓய்வு வயதை எட்ட மூன்று வருஷமோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களுக்கு மட்டும்தானாம்.

அண்ணன் தப்பித்துவிட்டான். ஹேடனுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் சில வாரம் கூடிப்போனது, அவ்வளவுதான், ஒன்றும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே உலையில், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். இப்போது இந்த மனுஷன் குனிய முடியாத முதுகோடு சூப்பர்மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டி தள்ளுகிறார். சாகிற வரைக்கும் தள்ளணும் போலிருக்கு.

இத்தனைக்கும் இந்த ஜட்டிப் போராட்டமே அண்ணன் யோசனைதான். "நம்மளை உரிச்சு விட்டுட்டாங்கல்ல? அந்தக் கோலத்துலயே போய் நிப்போம்" என்று முதல் வருஷம் முதல் ஆளாகக் கழற்றியவன் அவன். உதவித்தொகை வந்ததும் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினான். போன் போட்டால் எடுப்பதில்லை. இன்றைக்கு பஸ்ஸுக்கும் வரவில்லை.

"பணம் வந்ததும் கட்சி மாறிட்டான்யா" என்றார் பழைய ஷிப்ட் மேஸ்திரி மெர்வின். "பாத்துக்கிட்டே இரு, அடுத்த வருஷம் கவுன்சிலராயிடுவான்."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அண்ணே! வெக்கமா இல்லை உனக்கு? உன் மச்சான் இங்கே குளிர்ல நடுங்குறார். நீ யாருக்குக் கும்பிடு போடப் போறே?"

நின்றான். திரும்பிப் பார்த்தான்.

"இங்கே நின்னு கத்தாதே டெலித். உள்ளே ஒண்ணும் கேக்காது."

அவ்வளவுதான். போய்விட்டான். வாசலில் இருந்த செக்யூரிட்டி அட்டையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து விட்டான்.

"திமிரைப் பாத்தீங்களா?"

"விடு டெலித்" என்றார் ஹேடன். "அவனுக்காவது கிடைச்சுதே."

"ஆமா, நீங்க இப்படியே சொல்லிட்டிருங்க. அதான் எல்லாரும் உங்க தலையில மிளகாய் அரைக்கிறாங்க. இனிமே அவன் என் வாசப்படியை மிதிக்கட்டும், காலை ஒடிக்கிறேன். கிறிஸ்துமஸ் விருந்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சேர்த்தார்கள்.

ரோட்டோரம் டீ வண்டியில் ஒரு சின்ன டிவி. மாநாட்டை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மந்திரி மேடைக்கு வந்ததும் எல்லோரும் அங்கே போய் மொய்த்தோம்.

"பென்ஷனை இழந்த தொழிலாளர்களை இந்த அரசு கைவிடவில்லை" என்றார் மந்திரி. "ஒருவரைக்கூட கைவிடவில்லை!"

மண்டபமே கைதட்டியது.

"தட்டுங்கடா, தட்டுங்க" என்று பல்லைக் கடித்தார் மெர்வின்.

கைதட்டல் திடீரென்று பிசுபிசுத்தது. கேமரா மேடையை விட்டுத் திரும்பியது. மூன்றாவது வரிசையில் ஒரு ஆள் நாற்காலி மேல் ஏறி நின்றான்.

கோட்டு போனது. டை போனது. சட்டை போனது. பேண்ட்டும் போனது.

"ஐயோ!" என்றேன்.

தொந்தியும் நரைத்த மார்புமாக, ஜட்டியோடு நின்றான் என் அண்ணன்.

"எனக்கு வந்துருச்சு, மந்திரி ஐயா! நான் எனக்காக வரலை. வெளியே என் மச்சான் நிக்கிறான். என்கூட அதே உலையில வெந்தவன், அதே காசைக் கட்டினவன். அவனைக் கைவிட்டது யாரு? எங்க ஊர் பாதிரியாரா?"

மந்திரி தண்ணீர் டம்ளரைத் தேடினார். இரண்டு செக்யூரிட்டி ஆட்கள் பாய்ந்தார்கள். அண்ணன் நாற்காலியை விட்டு இறங்கவே இல்லை, நாற்காலியோடு தூக்கினார்கள்.

ஹேடன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மடையன். இதுக்காகவா கட்சியில சேர்ந்தான்?"

அவனைத் திட்டின என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மண்டபத்துப் பக்கவாட்டுக் கதவு திறந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அண்ணனை வேனுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதே ஜட்டி. உடம்பெல்லாம் குளிரில் நீலம் பாரித்திருந்தது. நான் ஹேடனுடைய கோட்டை எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினேன்.

"அண்ணே! என்னை மன்னிச்சிடுண்ணே! இந்தா, இதைப் போட்டுக்கோ. குளிர்ல செத்துப் போயிடுவே!"

"சும்மா இருடி" என்றான் அண்ணன். "போட்டோக்காரங்க இன்னும் வரலை."