சகலைக்கு நாலு டயர்

பல் டாக்டர் நான்கு புது டயர்களை இறக்கி வைத்ததும் சகலைக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கா? நாலுமா?"

"பந்தய டயர், சகலை. தரையை அப்படியே கவ்விக்கும். நாளைக்குப் போட்டிக்கு இதை மாட்டிட்டு வாங்க."

கூம்புகளுக்கிடையே காரை வளைத்து வளைத்து ஓட்டும் அந்தப் போட்டியில், விதிமுறைகளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வருஷா வருஷம் டாக்டரை முந்திக் கோப்பையைத் தட்டிச் செல்பவர் இந்தச் சகலை. "என் தங்கச்சி வீட்ல கோப்பை வைக்க இடமில்லையாம்" என்று டாக்டரின் மனைவி குத்திக் காட்டாத நாளில்லை.

மறுநாள் மைதானத்தில் பரிசோதகர் சகலையின் காரைச் சுற்றி வந்தார்.

"பந்தய டயர் போட்டா சாதாரணப் பிரிவுல ஓட்ட முடியாது சார். மேல் பிரிவுக்குப் போங்க."

மேல் பிரிவில் இன்ஜின் முதல் எல்லாம் மாற்றிய கார்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"அடடா!" டாக்டர் உச்சுக் கொட்டினார். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

பரிசோதகர் அடுத்த காருக்குக் குனிந்தார். "இதுவும் மேல் பிரிவுதான். யாரோடது?"

டாக்டருடையது.

"நீங்க அவ்வளவு செஞ்சப்புறம் நான் சும்மா இருப்பேனா?" சகலை அவர் தோளை அணைத்துக்கொண்டார். "காலையில நீங்க பேர் பதியப் போனப்போ உங்க காருக்கும் அதே மாதிரி நாலு டயர் வாங்கி மாட்டிட்டேன். எங்க அனுப்பினாலும் ஒண்ணாவே போவோம், சகலை!"