இரண்டு விரல் தளர்வு

டிராக்டர் இடித்த தங்கவேலுவை ஸ்கேன் மேடையில் கிடத்தியதும், வெள்ளி அரைஞாண்கொடி இருந்தால் படம் சரியாக விழாது, கழற்றுங்கள் என்றார் டெக்னீஷியன். புதிதாக ஒன்றைக் கட்டாமல் பழையதைக் கழற்ற அமராவதிக்கு மனம் வரவில்லை. உயிர் போனவர்களுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். நர்ஸிடம் கட்டுத்துணி கேட்டு வாங்கி, இரண்டு விரல் நுழையும்படி தளர்வாகக் கணவன் இடுப்பில் கட்டினாள். பிறகுதான் வெள்ளியில் கை வைத்தாள்.

படம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "வயித்துல ரத்தக்கசிவு எதுவும் இல்லம்மா. இடுப்பெலும்பும் நல்லா இருக்கு."

திரையிலிருந்த இடுப்பை அமராவதி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நான் கட்டுன துணி எங்க சார்? இது இவரு படந்தானா?"

"துணியெல்லாம் இதுல தெரியாதும்மா."

"இந்தக் கையால கட்டுனேன் சார். அதே தெரியலன்னா, உள்ள கசியுற ரத்தம் மட்டும் எப்படித் தெரியும்?"

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. தங்கவேலு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போர்வைக்குள் கையை விட்டாள். துணி இருந்தது. முடிச்சும் அவள் போட்டதுதான். வயிறு உப்பி, அதற்குள் இப்போது ஒரு விரல்கூட நுழையவில்லை.