அரபிப் பரீட்சை

"அரபி தெரியாம சவுதிக்குப் போயி என்னய்யா பண்ணுவே? பாஷை சர்ட்டிபிகேட்டுக்குத் தனியா ஆகும்," என்றார் ஏஜெண்ட் முனிராஜ்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜ் அறை. சஃபாரி சூட், ஃபாரின் வாட்ச், பத்து வருடம் சவுதியில் இருந்தேன் என்கிற பந்தா. வாயில் மட்டும் நம்மூர் வெற்றிலை.

எதிரே கொத்தனார் சவரியும் அவன் மனைவி ராஜமேரியும் நின்றார்கள். கம்பைநல்லூரிலிருந்து வந்தவர்கள். சவரியின் பாஸ்போர்ட் மேசைமேல் இருந்தது. ராஜமேரியின் மஞ்சள் பையில் கிணற்றுக்காட்டுப் பத்திரம். அவர்களுக்கு இருக்கும் நிலமே அந்த ஒரு காடுதான். வாங்குகிற ஆள் கீழே டீக்கடையில் காத்திருந்தார். இங்கே சரியென்றால் இன்றைக்கே கிரயம்.

பக்கத்து வீட்டு நஞ்சப்பனும் இப்படித்தான் காட்டை விற்று வேறொரு ஏஜெண்டிடம் கொடுத்தான். பம்பாய் வரைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினான். அதை நினைத்து ராஜமேரி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேலை சர்ட்டிபிகேட் இருக்கா?"

"பதினஞ்சு வயசுலேர்ந்து கொத்து வேலைதானுங்க. காயிதமா ஒண்ணுமில்லீங்க."

"நான் டைப் அடிச்சுத் தரேன். பம்பாய் கம்பெனியில ஆறு வருசம் மேஸ்திரி."

"பம்பாயை நான் பாத்ததே இல்லீங்களே!"

"பம்பாயும்தான் உன்னைப் பாத்ததில்ல. யாரு கேக்கப் போறாங்க? பாஷைதான் தகராறு."

சவரி தலையைச் சொறிந்தான். "அது கொஞ்சம் வருமுங்க."

முனிராஜின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. "அரபியா? உனக்கா?"

"சின்னதுல ஒருத்தரு சொல்லிக் குடுத்தாருங்க. பேசிக் காட்டட்டுங்களா?"

"ம்... பேசு, பேசு. டெஸ்ட் பண்ண நான் இருக்கேன்ல!"

சவரி கைகட்டி நின்று ஆரம்பித்தான். கடகடவென்று ஓடி, நடுவில் இழுத்து நிறுத்தி, மறுபடி ஓடினான். ராஜமேரியின் வலது கை தானாக நெற்றிக்குப் போயிற்று. சட்டென்று சுதாரித்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

முனிராஜ் கண்ணை மூடித் தலையாட்டினார். ஓரிடத்தில், ஏதோ ஜோக் புரிந்தவர்போலச் சிரிக்கவும் சிரித்தார்.

"சபாஷ்! சுத்தமான அரபி! ஊரு, பேரு, குடும்பம், தொழிலு, ஒண்ணு விடாம சொல்லிட்டியே! உன்னை விட்டா சேக்கு வேற ஆள் தேட மாட்டான்."

"பாஸுங்களா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்! போ, காட்டை முடிச்சுப் பணத்தோட வா."

ராஜமேரி மேசைமேலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"ஏங்க, வாங்க போலாம். தக்காளிக்குத் தண்ணி கட்டோணும்."

"என்னம்மா இது? அதான் அவரு பாஸாயிட்டாரே!" முனிராஜ் பதறி எழுந்தார்.

"அவரு பாஸுதாங்க. நீங்கதான் பெயிலு," என்றாள் ராஜமேரி.

சவரி வாசலில் திரும்பி நின்று பணிவாகக் கும்பிட்டான்.

"சின்னதுல மாதா கோயில்ல பூசைக்கு உதவி செஞ்சேனுங்க. இப்பச் சொன்னது எங்க பழைய சாமியாரு கத்துக் குடுத்த லத்தீனு... பொணத்தைக் குழியில எறக்கறப்போ சொல்ற செபமுங்க."