இசக்கிசெல்வியின் வண்டி

இசக்கிசெல்விக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது. ஆனால் அவள் ஒரு மோட்டார் பைக் வாங்கியிருப்பதாகக் கடன் அறிக்கை சொன்னது. சில மாதம் தவணை கட்டிவிட்டு அப்புறம் கட்டாமல் விட்டுவிட்டாளாம்.

அந்த பைக் எங்கே இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து, கண் எரிய எரியப் படித்து, ஒரு வங்கியின் எழுத்தர் தேர்வில் தேறியிருந்தாள். தேறியவர்களின் கடன் வரலாற்றை அந்த வங்கி அலசியது. வாங்கிய கடனைக் கட்டாதவருக்கு வங்கியில் வேலை கிடையாது என்பது விதி. மாதக் கடைசிக்குள் பெயரைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு.

பைக் கடன் கொடுத்தது வேறொரு வங்கி. அவளுடைய சம்பளக் கணக்கு இருக்கும் கிளை. ஓடினாள்.

கடன் பிரிவு அதிகாரி கோபிநாத் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேலையில் சேர்ந்த அன்று தொழிற்சாலை கேன்டீனுக்கு வந்து, சம்பளக் கணக்குப் படிவங்களை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடும்மா" என்று கனிவாகப் பேசியவர்தான். இப்போது அந்தக் கனிவைக் காணோம்.

"மேடம் பேங்க் வேலைக்குப் போறாங்களாம்!" என்றார், பக்கத்து மேஜைக்கும் கேட்கும்படி. "வாங்கின கடனக் கட்டத் துப்பில்ல, ஊர்ப் பணத்த எண்ண வந்துட்டாங்க."

"நான் வாங்கவே இல்ல சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இது உன் கையெழுத்துதானே?"

கடன் தாளில் இருந்தது அவள் கையெழுத்துதான். நோட்டீஸ் எல்லாம் அவள் எப்போதோ காலி செய்த பழைய ஹாஸ்டலுக்குப் போயிருந்தது.

"கூட இருக்கிறவங்கள விசாரி. உங்க ஊர்ப் பசங்க வேலையாத்தான் இருக்கும். போலீஸ் கீலீஸ்னு போகாத, உன்னத்தான் உள்ள வைப்பாங்க. பேசாம கட்டிட்டுப் போ. அப்பவும் பேங்க் வேலைக்கெல்லாம் ஒரு யோக்கியதை வேணும்மா!"

வேலையில் சேர்ந்தபோது கொடுத்ததைத் தவிர, வாக்காளர் அட்டை நகலை அவள் ஒரே ஒருவனுக்குத்தான் கொடுத்திருந்தாள். அறைத்தோழி சந்தனமாரியின் அண்ணன் அய்யாத்துரை, சிம் கார்டு வாங்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனான். இப்போது புது பைக்கில் சுற்றுகிறான். நம்பர் பிளேட்டில் எப்போதும் சேறு.

டீக்கடையில் மடக்கினாள். "அண்ணே, உங்க வண்டி யாரு பேர்ல இருக்கு?"

அவனுக்குப் புரையேறியது. "எதுக்குட்டி கேக்க?"

அவள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எட்டி கோட்டிக்காரி! கடன் உம் பேருலன்னா வண்டியும் உம் பேருலதானட்டி இருக்கும்! ஓட்டப் படிச்சிக்கோ!" டீக்குக் காசுகூடக் கொடுக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்தான்.

நக்கல்தான். ஆனால் அது அவள் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

கடனில் வாங்கும் வண்டியைக் கடன் வாங்கியவர் பெயரில்தான் பதிவு செய்ய முடியும். "என் கடன் இல்லை" என்று அவள் தட்டிய கதவு ஒன்றும் திறக்கவில்லை. மறுநாள், கடன் தாளில் பார்த்து வைத்திருந்த ஷோரூமுக்குப் போய், "என் வண்டிதான். ஆர்.சி. புக் தொலைஞ்சுபோச்சு" என்றாள். அவளுடைய வாக்காளர் அட்டையைப் பார்த்தார்கள். உடனே நகல் எடுத்துக் கொடுத்து, "சர்வீஸுக்கு வரவே இல்லியே மேடம்" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

நகலை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், வண்டி திருட்டுப் போய்விட்டது என்று புகார் எழுதிக் கொடுத்தாள். அதில் கடன் என்ற சொல்லே இல்லை.

"எங்கண்ணன உள்ள வச்சிராதட்டி" என்று சந்தனமாரி மூக்கை உறிஞ்சினாள்.

அந்த வாரமே ஹைவேயில் வண்டிச் சோதனை. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. வண்டி கிடைத்துவிட்டது, ஆளும் கிடைத்துவிட்டான்.

தோழிகள் போனபோது வாசலில் அய்யாத்துரை நின்றான். சந்தனமாரி ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"எதுக்குட்டி ஒப்பாரி? லைசென்ஸ் இல்லன்னு பைன் போட்டுட்டாவ. எத்தன நாளைக்குத்தான் நம்பர்ல சேறப் பூசிக்கிட்டே திரிய முடியும்?"

அவன் வண்டி அவன் பெயரிலேயே இருந்தது.

உள்ளே ஏட்டு நடேசன் சாவியை மேஜைமேல் போட்டார். "இந்தாம்மா, உன் வண்டி. திருடன் பெஞ்சுல குந்திகினு கீறான் பாரு."

பெஞ்சிலிருந்தவர் துள்ளி எழுந்தார். "யாருய்யா திருடன்? நான் பேங்க் ஆபீசர்! காசு கொடுத்து வாங்கின வண்டிய்யா இது!"

"அப்ப இந்தப் பொண்ணு பேர்ல எப்படி சார் இருக்குது?"

கோபிநாத் மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்தார். கிரெடிட் கார்டு பாக்கியில் பெயர் கெட்டுப்போய், சொந்த வங்கியிலேயே கடன் கிடைக்காதவர் அவர். இன்றைக்கு விண்ணப்பித்தால் அவருக்கே வங்கி வேலை கிடைக்காது.

"பொண்ணுதுன்னா திருட்டுக் கேஸு. உன்னுதுன்னா எப்டின்னு எழுதிக் குடு" என்று ஏட்டு வெள்ளைத்தாளை நீட்டினார்.

தான் வண்டித் திருடன் இல்லை என்று நிரூபிப்பதற்காக, சம்பளக் கணக்குப் படிவங்களுக்கு நடுவே கடன் படிவத்தைச் செருகிக் கையெழுத்து வாங்கியது தான்தான், இசக்கிசெல்வி அந்தக் கடனை வாங்கவே இல்லை என்று கோபிநாத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்.