லாக்கப் வாசலில் ஒரு ஜோடி

எங்கள் ஸ்டேஷனில் லாக்கப்புக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

ஊர்வலத்தில் பிடித்து வந்த வெல்டரை இன்ஸ்பெக்டர் அடித்த சத்தம் தெருவரை கேட்டது. "சாயங்காலமே விட்டாச்சு. செருப்ப மாட்டிட்டு நடந்தே போனான்" என்று சொல்லிவிட்டார். போலீஸ் 'போனான்' என்று சொன்னால் போனான்தான். ஆனால் வெல்டர் வீடு போய்ச் சேரவில்லை.

மறுநாள் அவர் மனைவி வந்தார். "அவர் செருப்பு இங்க கிடக்கே சார். ஆள் எங்க?"

நீலப் பட்டை வைத்த செருப்பு. இன்ஸ்பெக்டர் அதைக் குப்பை வண்டியில் போட்டார். காலையில் அதே இடத்தில் கிடந்தது. ஏட்டையா ஆற்றில் வீசினார். ஈரத்தோடு திரும்பியிருந்தது. கடைசியில் எரித்தோம். பெருக்குகிற அக்கா காலையில் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

"ஒரு செருப்ப ஒழிக்க வக்கில்ல, நீங்கல்லாம் போலீஸ்" என்று இன்ஸ்பெக்டர் எங்கள்மேல் எரிந்து விழுந்தார்.

வெல்டர் எங்கே என்று கேட்டு ஸ்டேஷன் எதிரே உட்கார்ந்த கூட்டம் கலையவில்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. நாங்கள் சாட்சி சொல்லக் கிளம்பிய காலையில் லாக்கப் வாசல் காலியாக இருந்தது. "விட்டுச்சு சனியன்" என்று இன்ஸ்பெக்டர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

கோர்ட் அறை வாசலில் டவாலி எங்களை நிறுத்தினார். "இங்க செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம் சார். யாரோடதுன்னு பாருங்க, வழியில கிடக்கு."

நீலப் பட்டை. இன்ஸ்பெக்டர் அசையவில்லை.

பின்னால் வந்த வெல்டரின் மனைவி குனிந்து, ஜோடியை ஓரமாகச் சேர்த்து வைத்தார்.

"வாங்க சார்" என்றார். "அவர் முன்னாடியே உள்ள போயிட்டார்."